துவாதசிக் கீரை

மாமல்லபுரத்துப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் புளியோதரை கிளறும் பட்டாபிராமனுக்கு உடம்பில் ஒரு குறையும் கிடையாது. கல்லைத் தின்றாலும் செரிக்கும் வயிறு. பயம் மட்டும் உண்டு. அண்ணா ஆராவமுதன் போன வருஷம் பெருங்குடல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். மலத்தில் ரத்தம் பட்டதை மூலம் என்று சொல்லிக்கொண்டு கருணைக்கிழங்காகத் தின்று தீர்த்தார் மனுஷர். தெரிந்தபோது கல்லீரல்வரை பரவியிருந்தது. கூடப் பிறந்தவர்களும் குடலைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னதைப் பட்டாபி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மனைவி சௌந்தரவல்லி விடுவதாக இல்லை. குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் சோதனைக்குக் கடைசியில் அவரே நாள் குறித்தார்: துவாதசி. முதல் நாள் ஏகாதசி, எப்படியும் பட்டினி. கூடவே குடலைச் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரியில் கொடுத்த பேதி மருந்தையும் குடித்துவிட்டால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். தன் சாமர்த்தியத்தில் பெருமை வேறு.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஜெனிட்டா கேட்டாள்: "காலைல எதனா சாப்ட்டீங்களா, ஐயா?"

"ஒண்ணுமில்லைம்மா. பாரணை மட்டும்தான்."

"அப்டீன்னா இன்னா?"

விரதத்தை மறுநாள் விடியலில் முடித்து வைக்கிற சாப்பாடு என்று விளக்கினார். அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, கொஞ்சம் சாதம். அவரைப் பொறுத்தவரை அதுவும் விரதத்தில் சேர்த்தி. சாப்பாட்டுக் கணக்கில் வந்ததேயில்லை. ஜெனிட்டா சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு தேதி கொடுத்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில், "பெருமாளே தடுத்துட்டார். இனிமே வரமாட்டேன்" என்றார்.

"பெருமாள் ஒண்ணும் தடுக்கலை. நான் பண்ணின கீரை தடுத்தது" என்றாள் சௌந்தரவல்லி. பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணா போனதுலேர்ந்து மன்னி தனியா உக்காந்திருக்கறதைப் பாக்கறேளே. நானும் அப்படி உக்காரணுமா?"

அவர் புதுத் தேதிச் சீட்டை மடித்துப் பைக்குள் பத்திரப்படுத்தினார்.

அடுத்த முறை நிஜமாகவே வெறும் வயிற்றோடு போனார். டாக்டர் ஷ்யாம் குடலுக்குள் ஒரு பாலிப்பை, சின்னச் சதை முளையை, கண்டு அப்போதே அறுத்தெடுத்தார். சோதனை முடிவு வந்த அன்று படத்தைக் காட்டினார். குட்டிக் காளான் போல இருந்தது.

"குடலோட உள்தோல் எப்பவும் புதுசாகிட்டே இருக்கும். ஏதோ ஒரு செல் தப்பாப் பெருக ஆரம்பிச்சா இப்படி முளைக்கும். நிறைய முளைங்க சும்மாவே கிடக்கும். சிலதுல தப்பு மேல தப்பு சேர்ந்து, பத்து வருஷம் போல ஆகி, குடல் சுவருக்குள்ள எறங்கும். அதான் கேன்சர். உங்களுது எறங்கலை."

"எங்கண்ணாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா?"

"ஒரு காலத்துல இவ்ளோதான் இருந்திருக்கும், சார்."

பட்டாபிக்குத் தான் பிழைத்த சந்தோஷமும் அண்ணாவை நினைத்த துக்கமும் ஒன்றாக வந்தன. வெளியே வந்ததும் மறைமலைநகரில் இருக்கும் தம்பி கிச்சாவுக்குப் போன் போட்டு, அவனையும் குடலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

"எனக்குத்தான் ஒண்ணுமே இல்லையே, அண்ணா."

"எனக்கும் ஒண்ணுமே இல்லைடா. அதனாலதான் கூப்பிடறேன். நாளைக்கே போய்த் தேதி வாங்கு. துவாதசி மட்டும் வேண்டாம்."