பிளாஸ்திரி ஒட்டிய விசை

முதலமடை மாங்காய் மண்டியில் நான் இப்போது வேலை பார்க்கும் கணினியின் கீபோர்டில், w விசைமேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரித் துண்டு ஒன்று ஒட்டியிருக்கிறது. ஒட்டியவர் என் மதினி. பத்தாவதோடு பள்ளியை விட்டு ஊர் ஊராகத் திரிந்த நான், அப்போது இடுக்கி மலையில் அண்ணன் குடியிருந்த தேயிலை எஸ்டேட்டின் லயத்து வரிசை வீட்டில் தங்கி, கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருந்தேன்.

மதினிக்கு எஸ்டேட் ஆபீஸில் வேலை. யானை இறங்கினால் லயத்துக்காரர்கள் எல்லோருடைய போனுக்கும் எச்சரிக்கை போக, சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். எண்களெல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. புதிதாகக் குடிவருபவர்கள் அடுப்புப் பற்றவைக்கும் முன்பே எண்ணைக் கொடுக்க வந்துவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் மதினி மொத்தப் பட்டியலையும் திரும்ப அடித்துக் கோப்பைப் புதிதாக எழுதுவார். அதற்குக் கோப்பை w என்ற எழுத்தைக் கொடுத்துத் திறப்பது சரி; அது பழையதைத் துடைத்துவிட்டுத் திறக்கும். அன்று, ஒரே ஒரு எண்ணைச் சேர்க்க ஒரு சின்னப் புரோகிராம் எழுதியவர், w உள்ள பழைய வரியை அப்படியே அதில் போட்டுவிட்டார். சோதனைச் செய்தி அனுப்பியதும், எண் கொடுக்க வந்திருந்த புதுப் பெண்ணின் கையில் போன் அடித்தது. மதினி அந்தப் போனை மட்டும்தான் பார்த்தார். மற்றவர்கள் கொழுந்துக் காட்டில் இருந்தார்கள்.

சற்று நேரத்தில், யானை நடமாட்டம் பார்க்கும் வாட்சர் போனில் கூப்பிட்டார். யானைகள் ஓடையைத் தாண்டி, பெண்கள் கொழுந்து கிள்ளும் சரிவுக்கு ஏறிக்கொண்டிருந்தன. மதினியின் அம்மாவும் அங்கேதான் இருந்தார். மதினி எச்சரிக்கையை அனுப்பினார். படியில் உட்கார்ந்திருந்த புதுப் பெண்ணின் போன் அடித்தது. மேசைமேல் கிடந்த மதினியின் போன் அடிக்கவில்லை. கோப்பைத் திறந்து பார்த்தால், உள்ளே ஒரே ஒரு எண்.

அம்மாவைக் கூப்பிட்டார், எடுக்கவில்லை. அவர் போன் எப்போதும் சாப்பாட்டுப் பையில் கிடக்கும். கங்காணிக்கு லைன் கிடைக்கவில்லை. "மணியடிங்க கொழுந்தனாரே, ஓடுங்க!" என்றார்.

சரிவுக்கு மேலே, ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் கொட்டகையில் தொங்கும் தண்டவாளத் துண்டைக் கை மரத்துப்போகும்வரை அடித்தேன். வேலை முடிந்ததென்று நினைத்துப் பெண்கள் சிரித்துக்கொண்டே மேலேறினார்கள். கடைசியாகக் கூடையோடு மதினியின் அம்மா வந்தார். "ஏ மாப்ள, பொழுது சாயுமுன்ன மணியடிக்கீரு? கிறுக்கு புடிச்சிருச்சா?" கீழே, அவர் சற்றுமுன் நின்ற நிரையில் தேயிலைச் செடிகள் முறியும் சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்த்தார். மதினி வந்து அம்மாவின் கூடைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"திறந்த உடனேயே அழிஞ்சிருச்சு. நான் ஒரு எழுத்துகூட எழுதல, அதுக்கு முன்னாடியே" என்றார் மதினி பிறகு. வீடு வீடாகப் போய் எண்களைத் திரும்ப வாங்கினார். புரோகிராமில் w-வை எடுத்துவிட்டு, இருப்பதன் கடைசியில் சேர்க்கும் a-வைப் போட்டார். அதன்பின் பிளாஸ்திரியை ஒட்டினார். "அழுத்தக் கூடாதுன்னு இல்ல. அழுத்துறப்ப விரலுக்குத் தெரியணும்."

நான் மலையிறங்கும்போது ஆபீஸில் புதுக் கீபோர்டு வந்திருந்தது. பழையதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"ஏனுங்க, அந்த அழுக்கை உரிச்சுப் போடலாமுங்களா?" என்கிறார் மண்டிக்காரர். இருக்கட்டும் என்கிறேன். மதினி சொல்லித்தந்தபடி, லாரிக் கணக்கில் ஒரு வரி சேர்க்கக் கோப்பைத் திறக்கும்போது, a-வைத் தேடும் விரல் பக்கத்திலிருக்கும் அந்தத் துணியில் இடறுகிறது. காதுக்குள் எங்கோ ஒரே ஒரு போன் மட்டும் அடிக்கிறது.