அப்பளத்தால் வெடித்த சுவர்

அறிவுச்செல்வனுக்கு இப்போதெல்லாம் அப்பளத்தைக் கண்டாலே குமட்டுகிறது.

வீட்டில் முதல் பட்டதாரி அவன். நிலவியல் படித்துவிட்டு மன்னார்குடியில் ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்துகிறான். போன வருஷ அறிவியல் கண்காட்சியில் பாயசத்தின்மேல் அப்பளத் துண்டுகளை மிதக்கவிட்டு, "பூமியோட மேலோடு இப்படித்தான் தட்டுத் தட்டா இருக்கு. மெல்ல நகருது. ஒன்னோட ஒன்னு சிக்கி, சடார்னு விடுபட்டா நிலநடுக்கம்" என்று விளக்கினான். சிறப்பு விருந்தினராக வந்த காண்ட்ராக்டர் மதிவாணன்தான் முதலில் கைதட்டினார்.

பழைய வயலில் அவர் கட்டிக்கொடுத்த வீட்டில்தான் அறிவின் அப்பா அரசப்பனும் அம்மா பொன்னுத்தாயும் குடியிருக்கிறார்கள். முதல் கோடையிலேயே மேற்குச் சுவர் கை நுழையும் அளவுக்குப் பிளந்தது. ஐப்பசி மழைக்குள் இடித்துக் கட்டாவிட்டால், அம்மா படுக்கிற பக்கம்தான் சாயும்.

மதிவாணன் வந்து பார்த்தார். "என் வேலையில பழுதில்லங்க. அடியில ப்ளேட், அதான் பூமித் தட்டு, நகந்துடுச்சு. அப்பளத்த வச்சு ஒங்க மவனே காட்டுனாரே!"

தெருவே தலையாட்டியது. அரசப்பனும் ஆட்டினார். "நீ சொன்னதுதானப்பா?"

அறிவு ஆக்கிய சோற்றை எச்சில் இலையில் வைத்து அவனுக்கே பரிமாறுகிறான் இந்த ஆள்.

"ஏங்க, நாம நிக்கிற தட்டுலதான் கோடியக்கரையும் இருக்கு, டெல்லியும் இருக்கு. நகந்தா எல்லாரும் சேந்துதான் நகருவோம். எங்க செவுத்த மட்டும் தேடி வந்துச்சா?"

"படிச்ச திமிரு" என்று சிரித்தார் மதிவாணன்.

"சரி, அஸ்திவாரத்துக்கு அடியில மணல் போட்டீங்களா?"

"முட்டளவு போட்டிருக்கேன்."

வயல் களிமண் கோடையில் சுருங்கிப் பாளமாக வெடிக்கும், மழையில் உப்பும். மணல் போட்டு இறுக்காமல் அதன்மேல் சுவர் வைத்தால் சுவரும் கூடவே வெடிக்கும். அறிவு கடப்பாரையை எடுத்துச் சுவரோரம் தோண்டினான். அடிவரை கறுப்புக் களி.

பொன்னுத்தாய் ஒரு பிடி அள்ளி உருட்டினாள். கொழுக்கட்டையாகத் திரண்டது. "நாத்தங்கால் மண்ணுல்ல இது? மணல் எங்கங்க, ப்ளேட்டு தின்னுடுச்சா?"

இப்போது தெரு சிரித்தது.

"கொத்தனாரு பயலுவ ஏமாத்திட்டானுவ" என்று முனகிய மதிவாணன், மறுவாரமே ஆள் அனுப்பிச் சுவரை இடித்தார். அறிவு பக்கத்திலேயே நின்று மணல் கொட்டவைத்தான். அந்நேரம் பள்ளி முதல்வர் போனில் கூப்பிட்டார். "இந்த வருஷமும் மதிவாணன் சார்தான் சீஃப் கெஸ்ட். பொன்னாடைய நீங்கதான் போர்த்துறீங்க."

அறிவு தன் கையைப் பார்த்தான்.

"கையெல்லாம் களிமண்ணு சார். பொன்னாடையில ஒட்டிக்கும். வேற ஆளப் பாருங்க."