ஹாரனின் லாரியும் அக்காவின் மூடியும்

என் அத்தானுக்கு லாரி ஸ்டாண்டில் வைத்த பெயர் ஹாரன். வைத்தவனைக் குறை சொல்ல முடியாது, அவர் வாயைத் திறந்தால் மூடமாட்டார். அக்காவை அவர் கட்டிய நாளிலிருந்து அவருடைய லாரியில் நான்தான் மாற்று டிரைவர். பாதி வழி ஓட்டுவேன், முழு வழியும் கேட்பேன்.

லாரி பழசு. ஆனால் அதை யாராவது பழசு என்றால் அத்தானுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "இப்ப வர்றதெல்லாம் தகர டப்பா. இது இரும்பு" என்பார். அந்த இரும்புதான் நின்ற இடத்தில் உதற ஆரம்பித்தது. நியூட்ரலில் விட்டால் குளிர்காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கும். நடுக்கத்துக்கு நடுவே டக், டக் என்று ஒரு தட்டல். அத்தான் செய்த முதல் வைத்தியம், ரேடியோ சத்தத்தைக் கூட்டியது.

கடைசியில் ஒரு மேட்டில் இழுக்கமாட்டாமல் புகையைக் கக்கவும், லாரியைக் கொண்டுவந்து வீட்டுச் சமையலறைச் சுவரை ஒட்டி நிறுத்தினோம். பார்க்க வந்த ஒருவர் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் கோளாறு, மாற்றினால் சரியாகிவிடும் என்றார். இன்னொருவர் அடியில் பேரிங் போய்விட்டது, இன்ஜினைப் பிரிப்பதற்குப் பதில் வண்டியைப் பழைய இரும்புக்குப் போடலாம் என்றார். அன்று இரவு அத்தான் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"வித்துடுங்க. பக்கத்து கம்பெனியில பஸ் ஓட்டக் கூப்பிடுறாங்க. தினம் சாயங்காலம் வீட்ல இருக்கலாம்" என்றாள் அக்கா. கல்யாணமானதிலிருந்து அவள் கேட்டுவருவது அந்தச் சாயங்காலம் ஒன்றைத்தான்.

"அடுத்தவன் வண்டியையா?" என்றார் அத்தான். குரலே எழும்பவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது.

மறுநாள் ஸ்டாண்டு மெக்கானிக் வந்தார். அத்தானுக்குக் கிளிப்பிள்ளைக்குச் சொல்வது மாதிரி விளக்கினார். "வண்டி ஓடும்போதே ஒவ்வொரு சிலிண்டருக்கும் போற டீசல் பைப்பை லூஸ் பண்றேன். எதுல தட்டல் சுத்தமா நிக்குதோ, அந்த இன்ஜெக்டர்தான் கோளாறு. எங்கயும் நிக்காம சும்மா குறைஞ்சா பேரிங். அப்புறம் வண்டியை மறந்துடு."

இன்ஜின் உறுமியது. "நின்னுடுச்சு! நின்னுடுச்சு!" என்று கத்தினார் அத்தான்.

"நான் இன்னும் ஸ்பானரே வைக்கலப்பா" என்றார் மெக்கானிக். வாழ்நாளெல்லாம் இன்ஜின் பக்கத்திலேயே இருந்ததில் அவர் காதும் அவ்வளவாகக் கேட்காது. என்னையும் நம்பவில்லை. "நீ அவன் ஆளு" என்றுவிட்டார்.

அக்கா ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "இந்தத் தட்டல் வந்ததுலேருந்து என் பெரிய பாத்திரத்து மூடி அலமாரியில தாளம் போடுது. ஒவ்வொரு டக்குக்கும் ஒரு டிங்கு."

"அப்ப நீயே பார்த்துச் சொல்லும்மா" என்றார் மெக்கானிக். வண்டி தொலைந்தால் போதும் என்றிருப்பவளிடமே தீர்ப்பைக் கொடுத்தாயிற்று. அத்தான் முகம் வெளிறிவிட்டது.

நான் உள்ளே போய் ஜன்னலோரம் நின்றுகொண்டேன், அவள் சொல்வதை வெளியே சொல்ல. முதல் சிலிண்டர். டிங், டிங். "அப்படியேதான் இருக்கு" என்றாள். இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே.

நான்காவதில் மூடி அடங்கியது. இன்ஜின் மட்டும் உதறிக்கொண்டிருந்தது.

 அக்கா அந்த மூடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். குறைந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், லாரி இரும்புக்கடைக்குப் போகும், அத்தான் சாயங்காலம் வீட்டுக்கு வருவார். வெளியே அத்தான் பேனட்டைப் பிடித்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை போல ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரையும் ஒருமுறை பார்த்தாள்.

"சுத்தமா நின்னுடுச்சுன்னு சொல்லு" என்றாள்.

இன்ஜெக்டரை மாற்றினோம். தட்டலும் போயிற்று, நடுக்கமும் போயிற்று. அத்தான் தெருவைக் கூட்டித் தம்பட்டம் அடித்தார். மறுநாள் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பியதும் என்னிடமும் ஆரம்பித்தார். "நாலாவதுதான்னு எனக்கு அப்பவே தெரியும், மாப்ள. உங்க அக்காவுக்கு என்ன தெரியும்?"

எனக்குப் பொறுக்கவில்லை. ஜன்னலுக்கு உள்ளே நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

ஹாரன் அடங்கிவிட்டது. ஊர்கள் வந்தன, போயின. வெகுநேரம் கழித்து, "ரொம்ப நேரம் சும்மா நின்னாளா?" என்று கேட்டார்.

"ஆமா அத்தான்."

சரக்கை இறக்கிய இடத்தில் ஏஜெண்ட் அடுத்த லோடு தயார் என்றார், பத்து நாள் ஓட்டம். வந்த லோடை அத்தான் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

"வேற வண்டிக்குக் குடுங்க" என்றார். ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். "காலி வண்டியாவே போவோம், மாப்ள. நாளைக்குச் சாயங்காலம் வீட்ல இருக்கணும்."

அதன்பிறகு வீடு வரும்வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார். அந்தத் தடவை மட்டும் எனக்கு அலுக்கவில்லை.