முருங்கைக்காய் வருமட்டும்

ஏழாவது மாதத்தில் எனக்கு இரத்தம் போனது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, பிள்ளை பிறக்கும்வரை ஆஸ்பத்திரியிலேயே படுத்திருக்க வேண்டும், கழிப்பறைக்குத் தவிர எழும்பக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் செயின்ட்-மிஷேல் பகுதியில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து ஒரு பையில் உடுப்பு வந்தது. கைத்தொலைபேசியும் வந்தது. வந்ததும் என்னைப் பயமுறுத்தத் தொடங்கியது. யாழ்ப்பாணத்திலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் சொந்தக்காரர் ஒவ்வொருவராக அழைத்து, இப்படி இரத்தம் போன இன்னாருக்கு என்ன நடந்தது என்று விளக்கினார்கள். இரண்டாம் நாளே அதை அணைத்து என் கணவரிடம் கொடுத்துவிட்டேன்.

அவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறார். மறுநாள் வேலை முடிந்து வந்தவர், உள்ளங்கையளவு சாம்பல்நிறக் கருவி ஒன்றை நீட்டினார். ரொக்ஸ்பரோவில் யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் பரப்பி விற்றபோது வாங்கியதாம்.

“இதுக்குள்ள டெட்ரிஸ் மட்டும்தான் இருக்கு. பொழுது போகும், விளையாடும். ஆனா இடையில நிப்பாட்டேலாது, அந்தப் பொத்தான் பழுது,” என்றார்.

மேலிருந்து கட்டைகள் விழும். திருப்பி, நகர்த்தி, இடைவெளியில்லாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிரம்பினால் அது மறைந்துவிடும். அடுக்கு உச்சியைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. அவ்வளவுதான். இதில் என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சுவிட்சைத் தட்டினேன். தலையை நிமிர்த்தியபோது கணவர் போயிருந்தார். அவர் கொண்டுவந்த புட்டும் கறியும் மேசையில் ஆறிக் கிடந்தன.

அன்று முதல் அது என் கையை விட்டு இறங்கவில்லை. தோற்கும்போதெல்லாம் பிழை எங்கே என்று எனக்கே தெரிந்தது. அந்த ஒரு கட்டையை மட்டும் இடப்பக்கம் போட்டிருந்தால்! சரி, இன்னொருக்கா. அந்த இன்னொருக்காவுக்கு முடிவே இல்லை. கட்டை விழும்போது வேறெதையும் நினைக்க நேரம் கிடையாது. பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்ற பயத்துக்குக்கூட அங்கே இடமில்லை. எழும்பக் கூடாது என்றுதான் டாக்டர் சொன்னார். பெருவிரல்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் அறையில் இரண்டு கட்டில்கள். நடுவில் திரைச்சீலை. அந்தப் பக்கம் இருந்தவளுக்குத் தண்ணீர்க்குடம் முன்கூட்டியே கசிந்துவிட்டதால் அவளும் என்னைப் போலப் படுத்தே கிடந்தாள். ஒருநாள் நான் நான்கு வரிசைகளை ஒரே அடியில் அழித்தபோது கருவி கீச்சிட்டது. திரைச்சீலை சரக்கென்று விலகியது. ஹெயிட்டிக்காரி. என் வயதுதான் இருக்கும். கண்கள் கருவியிலேயே நின்றன.

“டெட்ரிஸ்?” என்றாள்.

தலையாட்டினேன். அவள் கையை நீட்டினாள்.

எனக்குத் தெரிந்தது வகுப்பில் படித்த கொஞ்சப் பிரெஞ்சு. அவளுக்கு ஆங்கிலமும் வராது. ஆனால் தோற்றவர் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும் என்ற சட்டத்துக்கு மொழி தேவைப்படவில்லை. கட்டிலுக்குக் குறுக்கே சாப்பாடு வைக்கும் சில்லு மேசையில் கருவியை வைத்து ஒரு தள்ளு தள்ளினால் அது மற்றக் கட்டிலில் போய் முட்டும். காலை முழுக்க அந்த மேசை போய்ப் போய் வந்தது. நீளக் கட்டைக்கு நான் முருங்கைக்காய் என்று பெயர் வைத்தேன். அவளும் அதையே பிடித்துக்கொண்டு, “முருங்கா! முருங்கா!” என்று திரையைப் பார்த்து மன்றாடுவாள். “ஆன்கோர்!” என்று அவள் கத்தினால் இன்னொரு ஆட்டம் என்று அர்த்தம்.

இரத்த அழுத்தம் பார்க்க வந்த தாதி இரண்டு பேருக்கும் கூடியிருந்ததைக் கண்டு திடுக்கிட்டாள். காரணத்தைக் கண்டுபிடித்தபின், தான் வருவதற்கு அரைமணி நேரம் முன்னால் கருவியைத் தொடக் கூடாது என்று கட்டளையிட்டாள். பிறகு, “எங்கே, ஒரே ஒரு தடவை,” என்று வாங்கி நின்றபடியே விளையாடினாள். பக்கத்து அறையில் மணி அடித்தது அவளுக்குக் கேட்கவில்லை. நாங்கள்தான் சொல்லி அனுப்பினோம்.

கணவர் வந்தால் நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

“இஞ்சாரும், நான் வந்திருக்கிறன்.”

“ஓம், தெரியுது. பேந்து கதைப்பம், இருங்கோ.”

ஒரு பிற்பகல் பக்கத்துக் கட்டில்காரி அதுவரை நாங்கள் இருவரும் தொடாத புள்ளியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். கட்டைகள் மழைபோல இறங்கின. இடையிடையே மூச்சைப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினாள். ஆட்டத்தின் பதற்றம் என்றுதான் நினைத்தேன். பிறகு அவள் முழங்கால்களை மடக்கி முனகினாள். எனக்கு விளங்கிவிட்டது. அழைப்பு மணியை அழுத்திப் பிடித்தேன். தாதிகள் ஓடிவந்து பார்த்து, கட்டிலின் சில்லுகளை விடுவித்தார்கள். அவள் கருவியை விடவில்லை. கட்டில் அசைந்த பிறகுதான் அதை மேசையில் வைத்து என் பக்கம் உதைத்தாள்.

“விளையாடு! நிறுத்தாதே!” என்று வாசல்வரை பிரெஞ்சில் கத்திக்கொண்டே போனாள்.

என் கைக்கு வருவதற்குள் இரண்டு கட்டைகள் கண்டபாட்டுக்கு விழுந்திருந்தன. வலது ஓரத்தில் அவள் ஆழமாக ஒரு குழி விட்டு வைத்திருந்தாள். முருங்கைக்காய் வந்தால் தப்பலாம். வரவில்லை. சதுரம் வந்தது, நெளிந்த கட்டை வந்தது, மீண்டும் ஒரு நெளிந்த கட்டை. அடுக்கு உச்சிக்கு ஏறியது. என் நெஞ்சு அடித்த வேகத்தில் வயிற்றுக்குள் பிள்ளையும் உதைத்தது. வா, வா என்று வாய்விட்டே கெஞ்சினேன். வந்தது! திருப்பினேன், ஓரத்துக்குத் தள்ளினேன், விட்டேன். நான்கு வரிசைகள் ஒன்றாகப் போயின. பழைய உச்சப் புள்ளியைத் தாண்டியபோது நான் போட்ட கூச்சலில் ஒரு தாதி பயந்து உள்ளே ஓடிவந்தாள்.

மறுநாள் ஹெயிட்டிக்காரி சக்கர நாற்காலியில் வந்தாள். மகன். சின்னவன், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறான், ஆனால் தானாக மூச்சு விடுகிறான் என்று கைகளால் அளந்து காட்டினாள். இரண்டு பேரும் அழுதோம். கண்ணைத் துடைத்த கையோடு, “எத்தனை புள்ளி?” என்று கேட்டாள்.

சொன்னேன்.

“என் சாதனை!” என்று நாற்காலியில் துள்ளினாள்.

“இல்லை, முருங்கைக்காயைப் போட்டது நான்!”

“குழியை விட்டது யார்?”

எனக்குள் இவ்வளவு பிரெஞ்சு எங்கே இருந்தது என்று தெரியவில்லை. இலக்கணம் உடைய உடைய வாதாடினேன். ஆளுக்குப் பாதி என்று தாதி தீர்ப்புச் சொன்னாள். இருவரும் ஒரே குரலில் மறுத்தோம்.

என் மகள் பிறக்கும்வரை அவள் தினமும் மகனைப் பார்க்க வருவாள். அவனுக்குப் பால் கொடுத்துவிட்டு நேராக என் அறைக்கு வருவாள். பெற்ற உடம்போடு கட்டிலின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்து, நான் தோற்கும்வரை பொறுக்க முடியாமல் கையை நீட்டிக்கொண்டே இருப்பாள்.