சின்னவளுக்குக் கிடைத்த உத்தரவு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் போர்வை தேய்த்தவள் பெரியவள். ஈரத்துணி ரேக் சாய்ந்த அன்று, அவளும் கூட வேலை செய்த அவள் ஓரகத்தி சின்னவளும் சேர்ந்துதான் தோளால் தாங்கினார்கள். இரண்டு பேருக்கும் வலது தோள் போச்சு. சின்னவள் உடனே முதலுதவி அறைக்குப் போய்ப் பதிவேட்டில் எழுத வைத்தாள். பெரியவளோ வீம்புக்கு ஷிப்டை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

நஷ்டஈட்டு வழக்கில் வந்ததே ஒரு இடைக்கால உத்தரவு! சின்னவளுக்கு, சலவையைக் குத்தகை எடுத்திருந்த கம்பெனியின் செலவில் ஆபரேஷன். பெரியவளுக்கு, ரேக் பக்கத்தில் இருந்ததற்கு ஆதாரம் இல்லையென்று கைவிரிப்பு. வயிறு எரியாமல் என்ன செய்யும்? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியாரின் செல்லம் சின்னவள்தான், காற்றோட்டமான அறை அவளுக்கு. இப்போது நல்ல தோளும் அவளுக்கா?

"இது கடைசித் தீர்ப்பு இல்லம்மா," என்றார் இருவருக்கும் பொதுவான வக்கீல். "மறுபரிசீலனை கேக்கலாம். நீங்க அங்க நின்னதுக்கு ஒரு சாட்சி வேணும். உங்க ஓரகத்தியையே கேளுங்களேன்."

"அவகிட்டயா? கை அழுகி விழுந்தாலும் கேக்க மாட்டேன்!"

மனுவை மட்டும் போடச் சொல்லிவிட்டு வந்தாள். கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. சின்னவளின் உத்தரவை எதிர்த்து மனுப் போட்டது. சூப்பர்வைசர் பெரியவளைத் தேடி வந்து நைசாகப் பேச்சுக் கொடுத்தார். அவ்வளவுதான், கொட்டிவிட்டாள். "ரேக் கிட்ட அவ ஒருத்திதான் நின்னா. அவதான் புடிச்சு இழுத்தா." எழுதி நீட்டியதில் கையெழுத்தும் போட்டாள். அன்றைக்குச் சோறு இரண்டு கவளம் கூடவே இறங்கியது.

அடுத்த வாரம் வக்கீல் கூப்பிட்டு அனுப்பினார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"கம்பெனி மனு தள்ளுபடி. யார் தப்பா இருந்தாலும் வேலையில அடிபட்டா அடிபட்டதுதான்னு சொல்லிட்டாங்க. உங்க ஓரகத்திக்கு ஆபரேஷன் உறுதி. உங்க மனுவும் தள்ளுபடி."

"எனக்கு ஏன்?"

"அங்க அவங்க ஒருத்தர்தான் நின்னாங்கன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்களே! அப்புறம் உங்களுக்கு எப்படி அடிபட்டிருக்கும்?"

அவர் இன்னொரு தாளைத் தள்ளினார். இருவரும் சேர்ந்துதான் தாங்கினோம், அக்கா இல்லையென்றால் நான் நசுங்கியிருப்பேன் என்று இருந்தது. கீழே கோணல்மாணலாக, இடது கையால் போட்ட சின்னவளின் கையெழுத்து.

"நீங்க கேக்க மாட்டேன்னதும் நானே கேட்டேன். மறுபேச்சு பேசாம போட்டுக் குடுத்தாங்க. நீங்க எழுதிக் குடுத்ததுக்கு முன்னால இது எடுபடல."

பெரியவள் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தத் தாளையே பார்த்தாள். அப்போதும் பாவிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நல்லவள் என்ற பேரையும் அவளே தட்டிக்கொண்டு போய்விட்டாளே!