தகரத்துக்கு அந்தப் பக்கம்

"அம்மா, கொஞ்சம் மெதுவா ஜெபம் பண்ணுங்க. பக்கத்து ஃப்ளாட்ல கேக்கப் போகுது" என்றாள் மகள். போன வாரம், சான்பாடாவில் அவள் வீட்டில், சாயங்கால ஜெபத்துக்கு நான் அப்போதுதான் முழங்கால் போட்டிருந்தேன். கேட்டால் என்னவாம்? சுருக்கென்று கோபம் வந்தது. அடுத்த நிமிடமே சிரிப்பும் வந்துவிட்டது. பேச்சி சித்தியின் நினைப்பு.

அறுபதுகளில் தாராவியில் எங்களுக்கு ஒரே ஒரு அறை. கோலி என்போம். சமைப்பது, படிப்பது, படுப்பது எல்லாம் அதற்குள்தான். அப்பாவுக்குத் தோல் கிடங்கில் வேலை. எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் அந்த வாடை அவரை விட்டுப் போகாது. இன்றைக்கும் செருப்புக் கடைக்குள் நுழைந்தால் ஜெப நேரம் வந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றும், என்ன செய்ய! அவர் குளித்து வந்ததும் பாய் விரித்து ஒரு பாட்டு, ஆளுக்கொரு வசனம். இருப்பதிலேயே சின்னதாகப் பார்த்து ஒப்பித்துவிட்டு நான் சோற்றுப்பானையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்பா அதோடு விடமாட்டார். அன்றைக்கு யாரோடு சண்டை போட்டோமோ அவர்களுக்காகப் பேர் சொல்லி, வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். நானும் தம்பியும் ஒருவருக்காக ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு செய்த ஜெபமெல்லாம் பரலோகம் போய்ச் சேர்ந்திருக்குமா, சந்தேகம்தான்.

பேச்சி சித்தி பக்கத்து கோலி. அவர்களும் திருநெல்வேலிப் பக்கம்தான். அங்கே முருகன் படம், இங்கே சிலுவை, நடுவில் சுவருக்குப் பதில் ஒரு தகரம். அம்மாவும் அவளும் அப்படி ஒரு ஒட்டுதல். ஒருநாள் குழாயடியில், வரிசையில் இருந்த குடத்தைத் தள்ளி வைத்தது யார் என்று இருவரும் பிடித்துக்கொண்டார்கள். "இனிமே ஒம் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள் அம்மா. இனி நானும் அந்தப் பக்கம் போக முடியாது. சித்தி மகள் செல்விதான் எனக்கு இருந்த ஒரே சிநேகிதி.

அன்றைக்கு ஜெபத்தில் அம்மாவின் முறை வந்தது. கோபத்தில் தகரத்தை மறந்துவிட்டாள். "ஆண்டவரே, அந்தப் பேச்சியப் பாரும். வேணும்னே எங்கொடத்தத் தள்ளுனா. அவ கல்நெஞ்ச நீரே ஒடச்சுப்போடும்..."

தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "யக்கா! எம்மேல ஒங்க சாமிகிட்ட கோளா சொல்லுதிய?"

தம்பி பாயில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினான். அப்பா கண்ணைத் திறக்கவேயில்லை. "அவ கேக்கது நியாயந்தாம்ட்டி. அவளுக்கு என்ன வேணும்னு யோசிச்சு அதக் கேளு."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். ரோஷக்காரி, எழுந்து போய்விடுவாளோ என்று பயந்தேன். பிறகு, "பேச்சிக்கு அந்த இருமல் நிக்கணும், ஆண்டவரே. பாவம், தூங்காமக் கெடக்கா" என்றாள். காலையில் குழாயடியில் எங்கள் குடம் சித்தியின் குடத்துக்கு முன்னால் இருந்தது.

அப்புறம் என்றைக்காவது பேர் விட்டுப்போனால் சித்தியே தகரத்தைத் தட்டுவாள். "யக்கா, இன்னைக்கி எம்பேரு வரலியே? இருமல் இன்னும் முழுசா நிக்கல, பாத்துக்கிடுங்க."

அந்தக் கோலிகளை இடித்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அப்பா, அம்மா, சித்தி, ஒருவரும் இல்லை. மகள் வீட்டுச் சுவர் நல்ல கெட்டிச் சுவர். ஆனாலும் அவள் சொல்லிவிட்டாளே என்று குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"சரி, பக்கத்து ஃப்ளாட்டுக்காரங்களுக்காகவும் ஜெபிப்போம். அவங்க பேரு என்ன?"

மகள் மருமகனைப் பார்த்தாள். மருமகன் பேத்தியைப் பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை.