ஓல்ஷோவ்காவுக்கு வீடு பார்க்கப் போனேன்

ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ப்ராக் நகரில் பஸ் ஏறினோம், நானும் என் மகள் ஷீபாவும். ஐரோப்பாவுக்கு வருகிறவர்கள் கோட்டை பார்ப்பார்கள், பாலம் பார்ப்பார்கள். நான் வீடு பார்க்க வந்தேன். நாலு வருடமாக இங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்யும் ஷீபா, மாரெக் என்ற செக் பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாள். பையன் பிறந்த ஊர் ஓல்ஷோவ்கா. பெண் கொடுப்பதற்கு முன்னால் ஊரையும் வீட்டையும் பார்ப்பதுதானே முறை? மூட்டு அறுவை செய்த காலோடு என் கணவர் தாவீது ராணிப்பேட்டையில் உட்கார்ந்திருக்கிறார். “நல்லா பாரு. ஆனா அங்கியே தலைய ஆட்டிட்டு வந்துடாத, எனக்கு ஒரு ஃபோன் பண்ணு” என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவள் நான். நான் படித்த காலத்தில் இந்த நாடு ஸ்லோவாக்கியாவோடு ஒட்டியிருந்தது. பிறகு பிரிந்துவிட்டது, வகுப்பறையில் பழைய வரைபடம் மட்டும் மாறாமல் தொங்கியது. சுவரில் குச்சியால் தொட்டுக் காட்டிய இடத்தை இப்போது ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன் என்று நினைத்தபோது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

வடமேற்கே எண்பது கிலோமீட்டர் தள்ளி ஜாதெட்ஸ் என்ற சிறு நகரத்தில் இறங்கினோம். மாரெக் காரோடு காத்திருந்தான். நெடுநெடுவென்ற பையன். என்னைப் பார்த்துக் கைகூப்பினான். ஷீபா ஒரு வாரமாகப் பழக்கியிருப்பாள்.

அங்கிருந்து பதினோரு கிலோமீட்டர். வழியெல்லாம் உயர்ந்த கம்பங்கள், கம்பத்துக்குக் கம்பம் கம்பி, கம்பியிலிருந்து தொங்கும் பச்சைக் கொடிகள். எங்கள் ஊருக்கு அருகே திமிரிப் பக்கத்துப் பாகற்பந்தலை ஆறேழு மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிட்டது போலிருந்தது. பீருக்குக் கசப்பு கொடுக்கும் ஹாப்ஸ் கொடி அது. அறுவடை நேரம். டிராக்டர்கள் கொடிகளை இழுத்துக்கொண்டு போக, காரமும் கசப்புமாக ஒரு வாசனை காருக்குள் வந்தது.

“இந்த வாசனை பழகிவிடும்” என்றான் மாரெக் ஆங்கிலத்தில்.

“தம்பி, நாங்கள் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு நடுவே குடியிருப்பவர்கள். இது எங்களுக்கு அத்தர்” என்றேன். அவனுக்குப் புரியவில்லை. ஷீபா விழுந்து விழுந்து சிரித்தாள்.

பத்தரை மணிக்கு ஊர் வந்தது. ஒரு தாழ்வான மேட்டுக்கும் ஓடைக்கும் நடுவில் நாற்பது வீடுகள் இருக்கும். நடுவில் தீயணைப்புக்கு என்று வெட்டிய குளம், அதில் வாத்துகள். பக்கத்தில் சின்ன ஜெபக்கூடம், இரண்டு பெரிய மரங்கள். கடை கிடையாது. பள்ளிக்கூடம் இருந்த கட்டடத்தில் இப்போது ஊராட்சி அலுவலகம். கம்பத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். மின்வெட்டு முதல் கோழிக்குஞ்சு வியாபாரி வரும் நாள் வரை அதில்தான் அறிவிப்பார்களாம். எனக்குச் சட்டென்று மனசு ஒட்டிக்கொண்டது.

ஜெபக்கூடத்தின் முன்னால் ஒரு கல். முதல் உலகப்போரில் செத்துப்போன ஊர்க்காரர்களின் பெயர்கள். படித்துப் பார்த்தேன், எல்லாமே ஜெர்மானியப் பெயர்கள்.

“இது செக் ஊர்தானே?” என்று கேட்டேன்.

மாரெக் சொன்னான்: ஊர் முழுக்க ஒரு காலத்தில் ஜெர்மானியர்களே இருந்தார்களாம். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அரசாங்கம் அவர்களை வெளியேற்றிவிட்டது. பல தலைமுறைக்கு முன்பே கிழக்கே, இன்றைய உக்ரைனில் இருக்கும் வோலினியாவுக்குப் பிழைக்கப் போயிருந்த செக் குடும்பங்கள் திரும்பிவந்து, காலியான வீடுகளில் குடியேறின. அவனுடைய பாட்டியும் சின்னப் பெண்ணாக அப்படி வந்தவர்தான். இத்தனை வருடம் பாடம் நடத்தியும் வோலினியா என்ற பெயரை நான் பிள்ளைகளுக்குச் சொன்னதேயில்லை.

பகல் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குள் போனோம். வாசலிலேயே மாரெக் செருப்பைக் கழற்றினான். அவன் அம்மா யானா, வீட்டுக்குள் போட்டுக்கொள்ள எனக்கு ஒரு ஜோடி கம்பளிச் செருப்பு நீட்டினார். வெள்ளைக்காரர்கள் ஷூவோடு கட்டிலில் ஏறுவார்கள் என்று எங்கள் தெருவில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஊருக்குப் போனதும் அவர்களைக் கவனித்துக்கொள்கிறேன்.

மேஜையில் வறுத்த வாத்து, மாவு உருண்டைகள், முட்டைகோஸ், பிளம்பழ ரொட்டி. அங்கேதான் சிக்கல் வந்தது. வீடு பார்க்கப் போகிறவர்கள் சம்மதம் சொல்லும்வரை அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. சாப்பிட்டால் சரி என்று அர்த்தம். எங்கள் கிறிஸ்தவ சபைக் குடும்பங்களிலும் இதை விடுவதில்லை.

“எனக்கு வேணாம். அப்பா கிட்ட இன்னும் பேசல” என்று ஷீபாவிடம் மெதுவாகச் சொன்னேன்.

“அம்மா, காலைலேர்ந்து சமைச்சிருக்காங்க!”

“தெரியுது. வேணாம்னு பதமா சொல்லு.”

ஷீபா செக்கில் ஏதோ சொன்னாள். யானா பதறி எழுந்து ஓடினார். மூலிகைத் தேநீர் வந்தது. காய்ந்த ரொட்டி வந்தது. கடைசியில் வெந்நீர்ப் பையும் வந்து என் மடியில் உட்கார்ந்தது.

“ஷீபா, இன்னா சொன்ன அவங்க கிட்ட?”

“வயிறு சரியில்லன்னு.”

“உண்மைய சொல்லுடி. பொய் சொல்லி சம்பந்தம் பேச முடியாது.”

முகம் சிவக்கச் சிவக்க ஷீபா சொன்னாள். மாரெக் தலையைக் குனிந்துகொண்டான். கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

யானா வாத்தை எடுத்து அடுப்புக்குள் வைத்தார். எல்லார் தட்டையும் அடுக்கி ஓரமாக வைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

அவர் ஏதோ சொல்ல, ஷீபா மாற்றிச் சொன்னாள். “அப்போ நாங்களும் சாப்புட மாட்டோம்னு சொல்றாங்கம்மா. இன்னா கேக்கணுமோ கேக்கலாமாம்.”

வெட்கமாக இருந்தது. ஆனாலும் ராணிப்பேட்டையிலிருந்து என்னோடு விமானம் ஏறி வந்த கேள்வியைக் கேட்டேன். “என் பொண்ணு கறுப்பா இருப்பா. வேற பாஷை. இந்த ஊர் அவள எப்பவும் வந்தவளாதான பாக்கும்?”

யானா நேரம் எடுத்துப் பேசினார். ஷீபா நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“அவங்க அம்மா, அதான் மாரெக்கோட பாட்டி, சின்னதுல இந்த வீட்டுக்கு வந்தப்போ, அலமாரில யாரோட தட்டோ இருந்துச்சாம். அதுல அவங்க ஒரு நாளும் சாப்புடலயாம். உடையவங்க வருவாங்கன்னு துணி சுத்தி மேல வெச்சுட்டாங்களாம். கம்யூனிஸ்ட் ஆட்சி போயி எல்லை திறந்தப்புறம், முன்னாடி இந்த வீட்டுல இருந்த ஒரு வயசான ஜெர்மன் அம்மா வந்து, உள்ள வர பயந்துகிட்டு கேட் கிட்டயே நின்னாங்களாம். பாட்டிதான் அவங்க கைய புடிச்சு கூட்டிட்டு வந்து தட்டையெல்லாம் குடுத்தாங்களாம். அன்னிக்கி ரெண்டு பேரும் அதுல ஒண்ணா சாப்புட்டாங்களாம்.” ஷீபா மூச்சு வாங்கினாள். “இந்த ஊர்ல எல்லாருமே வந்தவங்கதான், வந்தவங்கள எப்டி உக்கார வெக்கணும்னு எங்களுக்குத் தெரியும்னு சொல்றாங்க.”

நான் ஃபோனை எடுத்தேன். ராணிப்பேட்டையில் மணி நாலரை. தாவீது டீ குடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

“நீ சாப்ட்டியா?” என்றார்.

“இன்னும் இல்ல. யாருமே சாப்புடல. வாத்து அடுப்புல கீது.”

“உன் மனசு இன்னா சொல்லுது?”

“சாப்புடலாம்னுதாங்க சொல்லுது.”

“அப்போ சாப்டு. அவங்கள ஏன் பட்டினி போடற?”

யானாவுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அடுப்பைத் திறக்கப் போய்விட்டார். வாத்து கொஞ்சம் காய்ந்து போயிருந்தது. அவ்வளவு ருசியாக நான் சமீபத்தில் எதையும் சாப்பிட்டதில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி தன் வீட்டு முறைக்காகப் பிடிவாதம் பிடிக்க, அதற்காக ஒரு குடும்பமே பசித்திருந்தது. எங்கள் ஊரில் இதை எத்தனை பேர் செய்வார்கள்? கண்ணில் நீர் முட்டியது. “ஜெகுயி” என்றால் நன்றி. எனக்குத் தெரிந்த ஒரே செக் சொல்லை உருண்டைக்கு உருண்டை சொன்னேன்.

மாலை ஐந்தே கால் பஸ்ஸுக்கு யானாவும் ஜாதெட்ஸ் வரை வந்தார். மிச்ச ரொட்டியை டப்பாவில் கட்டிக் கொடுத்தார். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். படியில் ஏறியவள் திரும்பி, “வர்றேன் சம்பந்தி” என்றேன்.

யானா அர்த்தம் கேட்டு ஷீபாவைப் பார்த்தார். காலையிலிருந்து எங்களுக்கு நடுவே மாற்றிச் சொன்ன பெண், அதற்கு அர்த்தம் சொல்வதை விட்டுவிட்டு, யானாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.